விளக்கு அணையும் வரை காத்திருக்கவும்

"அப்பா, இத அணைச்சுட்டா உள்ள இருக்கிறவங்க எல்லாம் எங்க போவாங்க?"

என் மகள் லிவாய் ஐந்து வயதில் இதைக் கேட்டாள். பழுது பார்த்து முடித்த, டிவியில் மாட்டி ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றை அவளிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கடை சாத்தும் நேரம், எனக்கு அவசரம். "எங்கயும் போக மாட்டாங்க. நீ விட்ட எடத்துலயே நின்னுக்கிட்டிருப்பாங்க, நீ திரும்பி வர்ற வரைக்கும்" என்றேன். அவள் நம்பிவிட்டாள். சுவிட்சை அழுத்தும்போது திரைக்குக் கையசைத்துவிட்டு அழுத்தினாள். இப்போது அவள் மணிலாவில் நர்சிங் படிக்கிறாள். கேட்டதை அவள் மறந்திருப்பாள். சொன்ன பதில்தான் என்னை விடவில்லை.

லா பாஸ் சந்தைக்குப் பின்னால், பட்சோய் என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் ஒரு கடையின் மாடியில் என் கடை இருக்கிறது. கீழே நாள் முழுக்க எலும்புச் சாறு கொதிக்கும். என் சட்டை, திருகாணிப் பெட்டி, வாடிக்கையாளரின் சாமான்கள் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிடும். முப்பது வருடங்களுக்கு முந்தைய விளையாட்டுப் பெட்டிகளின் உடலை மட்டும் வைத்துக்கொண்டு, செத்துப்போன உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினிப் பலகையைப் பொருத்தித் தருவது என் தொழில். வெளியே பார்த்தால் அதே பழைய பெட்டி, அதே பழைய விளையாட்டுகள்.

இதில் தொல்லை பிடித்தது சுவிட்ச். பழைய பெட்டியில் சுவிட்சை அழுத்தினால் மின்சாரம் அறுந்துவிடும். அதனால் அதற்கு எந்தக் கெடுதலும் இல்லை. நாம் உள்ளே வைக்கும் பலகை அப்படிப்பட்டதல்ல. ஆடியவர் எதுவரை வந்தார் என்பதை மெமரி கார்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு அறையாகச் சாத்திக்கொண்டு வந்துதான் அது படுக்கும். நடுவில் மின்சாரம் போனால், எழுதிக்கொண்டிருந்தது எழுதியபடியே அழிந்துவிடும். அதனால் நான் சுவிட்சை மாற்றிவிடுவேன். அழுத்தினால் மின்சாரம் போகாது. 'எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் படு' என்று பலகைக்கு ஒரு செய்தி மட்டும் போகும். பலகை படுத்து முடிக்கப் பன்னிரண்டு விநாடி ஆகும்.

இந்த வேலையில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. சிறு வயதில் நாங்கள் பார்த்த பெட்டியில் சுவிட்ச் 'டக்' என்னும்போதே சிவப்பு விளக்கும் அணையும். அந்த ஒரு கணத்துக்காகவே எங்களைப் போன்றவர்கள் பழைய பெட்டியைத் தேடி வருகிறார்கள். வேறு கடைகளில் மாற்றினால் விளக்கு வேறு எப்போதாவது அணையும். என் கடையில் மாற்றினால், டக் என்பதும் விளக்கு அணைவதும் ஒன்றாகவே நடக்கும், அசல் போலவே. சுவிட்சின் ஒரு ஜோடிக் கால்களில் செய்திக் கம்பியையும், அடுத்த ஜோடியில் விளக்குக் கம்பியையும் ஒட்டி அப்படிச் செய்வேன். பார்த்தவர்கள் கண்கலங்கியிருக்கிறார்கள். இந்தக் கர்வத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

போன வருடம் சிலுவைப் பாதைக் காலத்தில் பெர்லா அக்கா அரிசிச் சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். எங்கள் பக்கத்தில் அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும்தான் கூப்பிடுவோம்.

"பொம்மப் பெட்டிக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் இருக்காரா?" என்று வாசலிலேயே கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். முகம் சிரிக்கவில்லை.

சாக்கைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது அவர் கணவர் மனோங் டெல்ஃபினின் பெட்டி. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அவர் மாலுமியாகப் போன முதல் கப்பலிலிருந்து கொண்டுவந்தது. தெருவில் இருந்த நாங்கள் எல்லாரும் அவர் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்ப்போம். மற்றப் பையன்கள் விளையாட்டைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன். அதை அவர் கவனித்திருக்கிறார். அடுத்த முறை கோபே துறைமுகத்திலிருந்து வந்தபோது ஈயம் பற்றவைக்கும் ஒரு சால்டரிங் அயர்னை என் கையில் வைத்தார். இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"என்னிக்காவது என்னோடது எதாவது ஒடஞ்சா ஒட்டிக் குடு, தோத்தோ. அது போதும்" என்றார். தம்பிமார்களைத் தோத்தோ என்றுதான் அழைப்போம்.

இருபத்தெட்டு வருடங்களாக நான் சோறு சாப்பிடுவது அந்த அயர்னால்தான். பிடி இரண்டு முறை மாறியிருக்கிறது, முனை எத்தனை முறை மாறியது என்று நினைவில்லை. அவரோடது எதுவும் இதுவரை உடைந்து என்னிடம் வந்ததே இல்லை.

உடைந்தது அவர்தான். அதற்கு முந்தைய அக்டோபரில் அவருடைய கப்பல், தாது ஏற்றிக்கொண்டு போகும்போது புயலில் கவிழ்ந்தது. நான்கு பேர் ஒரு மிதவையில் ஏறினார்கள்: பெனி, டினோ, ஓபெட், மனோங் டெல்ஃபின். மூன்றாம் நாள் வேறொரு கப்பல் மிதவையைக் கண்டபோது அதில் மனோங் மட்டும் இருந்தார். மிதவையின் கயிறு வலது கையில் சுற்றியிருந்தது, நரம்பு நசுங்கிவிட்டது. கை கழுகின் நகம்போல மடங்கிக்கொண்டது. பேச்சு நின்றுபோனது. அதற்கு நரம்பு காரணமில்லை.

பெர்லா சொன்னார், விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், குறிப்பாகக் கட்டைவிரலை. விட்டுவிட்டால் கோடைக்குள் கை அப்படியே இறுகிவிடும், பிறகு எந்த வைத்தியமும் கேட்காது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ரப்பர் பந்து கொடுத்தார்கள், சுவரில் வீசிவிட்டார். மாவு பிசையச் சொன்னார்கள், பிசையவில்லை. ஒருநாள் இடக்கையால் கட்டிலடியைக் காட்டினார். கட்டிலடியில் இந்தப் பெட்டி. வெள்ளத்தில் மூழ்கித் துருவேறிக் கிடந்தது.

"நாலு மாசத்துல அவரா கேட்டது இது ஒண்ணுதான்" என்றார் பெர்லா. "இத ஓட வச்சுக் குடு. மத்தத நானும் மாதாவும் பாத்துக்கறோம்."

நான்கே நாளில் முடித்தேன். அவரிடம் இருந்த அதே கடல் விளையாட்டைப் போட்டேன். நான்கு பேர் ஒரு படகில் ஏறித் தீவு தீவாகப் போகும் நெடுங்கதை விளையாட்டு அது. நாற்பது மணி நேரமாவது ஆகும். நான்கு பேருக்கும் ஆடுகிறவரே நான்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்க வேண்டும். சுவிட்சை என் வழக்கப்படி மாற்றினேன். டக் என்றதும் விளக்கு அணைந்தது. வீட்டுக்கே கொண்டுபோய் டிவியில் பொருத்திக் கொடுத்தேன்.

பெர்லா எதையும் பிளக்கில் விட்டுவைப்பவர் அல்ல. இரண்டு தெரு தள்ளி மின்கசிவால் பதினொரு மரவீடுகள் எரிந்த பிறகு அந்தப் பக்கத்தில் யாருமே விடுவதில்லை. அதனால் ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினேன்: 'சுவிட்சை அழுத்தவும். விளக்கு அணையும் வரை காத்திருக்கவும். பிறகு பிளக்கைப் பிடுங்கவும்.'

மனோங் பெயர் வைப்பதை நின்று பார்த்தேன். கட்டைவிரல் ஒரு எழுத்துக்கு ஒரு நிமிடம் எடுத்தது. பெனி. டினோ. ஓபெட். கடைசியாக டெல்ஃப். பெர்லா சமையலறைக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் நல்ல செய்தியாக வந்தது. காலையில் ஒரு மணி நேரம் ஆடுகிறாராம். மதியச் சாப்பாட்டுக்கு அவரே சுவிட்சை அழுத்திவிட்டு எழுந்து வருகிறாராம். ஒருநாள் இன்னும் கொஞ்சம் சோறு வை என்றாராம். பெர்லா இதைச் சொல்லவென்றே சந்தைப் பையோடு மாடியேறி வந்தார்.

ஒன்பதாம் நாள் எல்லாம் போய்விட்டது. பெட்டியைப் போட்டால் புது ஆட்டம் என்று வந்தது.

மெமரி கார்டைக் கழற்றிப் பார்த்தேன். சேவ் செய்த கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஊரின் பெயர்ப்பலகை நிற்க, ஊர் போய்விட்டதுபோல. மலிவான கார்டு காலை வாரிவிட்டது என்று நினைத்துப் புதிதாக நல்ல கார்டு போட்டுக் கொடுத்தேன். மனோங் மறுபடி நான்கு பெயர்களையும் எழுதினார்.

இரண்டாம் முறை பதினோராம் நாளில் போனது. இந்த முறை சார்ஜரைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். செய்திக் கம்பி அந்தரத்தில் தொங்கினால் மின்விசிறி சுற்றும்போதுகூட அதில் பொய்ச்செய்தி வரும். அதற்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்துக் கட்டினேன். கடையில் நூறு தடவை போட்டு நூறு தடவை அணைத்தேன், திரையைப் பார்த்துக்கொண்டே. நூறு தடவையும் ஒழுங்காகப் படுத்து எழுந்தது. சேவ் கோப்பை ஒரு நகல் எடுத்து வைக்க அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சரிசெய்துவிட்டேன் என்ற திமிரில் தோன்றவில்லை.

மூன்றாம் முறை மனோங் வெகுதூரம் போனார். முப்பது மணி நேரத்துக்கு மேல். முன்பு எப்போதாவது மாலையிலும் ஆடியவர், இப்போது அடிக்கடி ஆடினார். கலங்கரை விளக்கு நிற்கும் ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்றும், இன்னும் ஒரே ஒரு கடல்தான் பாக்கி என்றும் அன்று வாய்திறந்து பெர்லாவிடம் சொல்லியிருக்கிறார். "பெனிதான் முன்னாடி நிக்கிறான்" என்றும் சொன்னாராம். அன்றைக்குத்தான் போனது.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது எனக்குள் கோபம் இருந்தது. கம்பி, கார்டு, சார்ஜர் எல்லாம் சரி. அப்படியென்றால் தப்பு மனிதருடையது.

"அவசரத்துல வெளக்கு அணையறதுக்கு முன்னாடியே பிளக்கப் புடுங்கியிருப்பீங்க, மனாங்" என்றேன்.

"அணஞ்சப்புறம்தான் தோத்தோ. நீ எழுதி ஒட்டுனத தெனமும் படிச்சுட்டுதான் செய்றேன்."

"அப்போ பேய் வந்து புடுங்கிச்சா?"

அவர் ஏப்ரன் நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றார். கட்டிலிலிருந்து மனோங்கின் குரல் வந்தது. விபத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"விடு தோத்தோ. நாலாவது தடவையா அவங்கள என்னால படகுல ஏத்த முடியாது."

கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெட்டியைக் கடைக்குத் தூக்கிவந்து அணு அணுவாகப் பிரித்தேன். ஒவ்வொரு ஈயப்பற்றையும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மல்டிமீட்டர் முனையைத் தொடாத இடமில்லை. அணைப்பதும் போடுவதுமாக இருநூறு தடவைக்கு மேல் எண்ணினேன்; பிறகு எண்ணுவதை விட்டேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. பழுது காட்டிக்கொடுத்தால்தானே மருந்து போட முடியும்? கீழே பட்சோய்க் கடைக்காரர் என் வாடிய முகத்தைப் பார்த்து, ஒரு கிண்ணம் சூடாக மேலே அனுப்புவார். அது மேசையிலேயே ஆறிப்போகும். செபம் செய்தால் வார்த்தை வரும், நம்பிக்கை வராது. ஆண்டவரே, கடலில் ஒருமுறை விட்டீர், போதாதா, என் கையாலும் மூன்று முறை விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். கேட்டது பாவமா என்று இன்றுவரை தெரியாது.

மூன்று வாரம் கழித்து, முடியவில்லை என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் போனேன். மனோங் அப்படியேதான் படுத்திருந்தார். கை முன்னைவிட மடங்கியிருந்தது. சட்டைப் பொத்தானையும் இப்போது பெர்லாதான் போட்டுவிடுகிறாராம். நான் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் பெர்லா என் கையிலிருந்து பெட்டியை வாங்கி டிவியில் மாட்டினார்.

"ஓடலேன்னாலும் பரவால்ல. அந்தப் பாட்டு மட்டும் வரட்டும். சத்தம் கேட்டா ஒருவேள திரும்பிப் படுப்பாரு" என்றார்.

படகும் அலையுமாகத் தொடக்கப் பாட்டு அறையில் சுற்றிச் சுற்றி ஓடியது. மனோங் திரும்பவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வந்த வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது கோயில் மணி அடித்தது. ஆறு மணி, மூவேளைச் செபத்துக்கான மணி.

நான் தினமும் அந்த மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலில் இருப்பவன். ஆறு மணிக்கு இந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. பெர்லா வளர்ந்தது பழைய பக்தியுள்ள வீடு. மணி அடித்தால் அங்கே ரேடியோ பாடக்கூடாது, டிவி பேசக்கூடாது, அடுப்புத் தீயைக்கூடக் குறைப்பார்கள். அவர் கை தானாகவே போயிற்று. டிவியை அணைத்தார். பெட்டியின் சுவிட்சை அழுத்தினார். குனிந்து விளக்கைப் பார்த்தார். டக். அணைந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினார். நிமிர்ந்து சிலுவை அடையாளம் போட்டார்.

என் விரல் நெற்றியிலேயே நின்றுவிட்டது.

அவர் நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்தார். விளக்கு அணையும் வரை காத்திருந்தார். அந்த விளக்கு பலகை தூங்கியதைச் சொல்லும் விளக்கு அல்ல. அழகுக்காக நான் சுவிட்சோடு கட்டிவைத்த விளக்கு. பன்னிரண்டு விநாடி முன்னதாகவே 'ஆயிற்று' என்று சொல்லும்படி நானே அதற்குப் பொய் கற்றுக்கொடுத்திருந்தேன். கடையில் நான் பிளக்கைப் பிடுங்குவதே இல்லை, பார்ப்பதும் திரையைத்தான். காலையில் மனோங் தானே அணைத்த நாள்களில் பிளக் வெகுநேரம் கழித்துத்தான் பிடுங்கப்பட்டது; அதனால் எல்லாம் பிழைத்தது. சாயங்காலம் மணி அடிக்கும்வரை அவர் எழுந்திருக்க மனமில்லாமல் ஆடிய நாள்களில்தான், அவர் நன்றாக இருந்த நாள்களில்தான், எல்லாம் போனது.

பெர்லா செபத்தின் முதல் வரியைச் சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். என் கண் அந்தப் பிளக்கிலேயே இருந்தது. பதிலையும் அவரே சொல்லி, முழுவதையும் தனியாக முடித்தார். ஆமென் சொன்ன பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியைக் காட்டினேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அவர் அந்தக் காகிதத்தை ஒரு சொல் விடாமல் மறுபடி படித்தார்.

"அப்போ நான் இல்லையா?" என்றார்.

"இல்ல மனாங். நான்தான்."

"நான்தான்னு நெனச்சுட்டேன். நீ படிச்சவன், தப்பா சொல்ல மாட்டேன்னு." உட்கார்ந்துகொண்டார். "பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொன்னேன் தோத்தோ. அந்த மூணு பேரையும் என் கையாலயே மறுபடி கொன்னுட்டேன்னு. சாமியாருக்கு, பாவம், ஒண்ணும் புரியல. மூணு தடவ அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாரு."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மூன்று வாரம் அந்தப் பெண் என் தவற்றைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, செத்த மூன்று பேரின் பாரத்தோடு, கணவனுக்குப் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறார். நான் என் கம்பிகளையே நோண்டிக்கொண்டிருந்தேன். ஒருவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. அதை அவர் நம்பியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

அவர் எழுந்து போய் இலையில் கட்டிய இபோஸ் என்னும் ஒட்டரிசிப் பலகாரம் நான்கு கொண்டுவந்து என் பையில் வைத்தார். காலையில் அவித்ததாம். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மனோங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். திரும்பவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

விளக்குக் கம்பியைச் சுவிட்சிலிருந்து எடுத்து, பலகை முழுக்கப் படுத்த பிறகே உயிர்விடும் காலில் ஒட்டினேன். இரண்டு ஈயப்பற்று. பத்து நிமிட வேலை. கோபேயிலிருந்து வந்த அதே அயர்ன். சுவிட்சை அழுத்திப் பார்த்தேன். டக் என்ற பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அசலுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், அசிங்கமாக. கடிகாரம் பார்க்காமல் அருள்நிறைந்த மரியே சொல்லிப் பார்த்தேன். அவசரப்படாமல் சொன்னால், ஆமெனும் விளக்கும் ஒன்றாக முடிந்தன.

பெட்டி சரியாகிவிட்டது. அந்த நான்கு பேர் வரவில்லை. நீ விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள் என்று நான் ஒரு குழந்தைக்குச் சொல்லியிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் முதல் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துவிட்டு ஆடினேன். பெனி, டினோ, ஓபெட், டெல்ஃப் என்று அவர் எழுதிய அதே எழுத்தில் எழுதினேன். பெனியை முன்னால் நிறுத்தினேன். எனக்கு விளையாட்டு வராது. பெட்டியைத் திறக்கத் தெரியும், ஆடத் தெரியாது. ஒரு புயலில் ஓபெட்டை இழந்தேன். அதை மாற்ற மறுபடி இரண்டு காலை போனது. என் இரண்டு கட்டைவிரல்களும் நல்லவை, ஆனாலும் வலித்தன. மடங்கிய கையோடு அவர் இந்தக் கடலில் மூன்று முறை இறங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.

ஐந்து வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை கலங்கரை விளக்கு தெரிந்தது. படகைக் கரையில் ஏற்றி, நான்கு பேரையும் விளக்குக்குக் கீழே நிறுத்தினேன். அதற்கு அப்பால் அந்த ஒரு கடல். போகலாமா என்று விளையாட்டு கேட்டது. அது நான் போக வேண்டிய கடல் அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மனோங்கின் கை முழுக்கத் திறக்கவில்லை. டாக்டரம்மா சொன்ன கெடு தாண்டிவிட்டது. மூன்று விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிழைத்தன. பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். தினமும் பெட்டியைப் போடுகிறாராம். நான்கு பேரையும் அந்தத் தீவில் சுற்றிச் சுற்றி நடக்கவைக்கிறாராம், விளக்கைச் சுற்றி, கரையோரமாக. படகில் மட்டும் ஏற்றுவதில்லை. அந்தக் கடைசிக் கடலை அவர் இன்றுவரை கடக்கவில்லை. எப்படித் திரும்பக் கிடைத்தது என்று பெர்லா ஒருமுறை கேட்டார். கம்பி மாற்றினேன் என்றேன். அது உண்மைதான், முழு உண்மை அல்ல. மனோங் எதுவும் கேட்கவில்லை.

பெட்டியைக் கொண்டுபோனது ஒரு திங்கட்கிழமைக் காலை. பெர்லா சந்தைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மனோங் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நான்கு பேரும் விளக்கின் கீழ் நின்றார்கள், பெனி முன்னால். கன்ட்ரோலரைத் தரையிலிருந்து எடுத்துத் துடைத்து, அவர் திரும்பினால் கை படும் இடத்தில், போர்வையின் மேல் வைத்தேன்.

பழைய காகிதத்தைக் கிழிக்கவில்லை. அதில் எழுதியிருந்தது இப்போது மெய்யாகிவிட்டது.

சுவிட்சை அழுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அருள்நிறைந்த மரியே சொன்னேன், அவசரப்படாமல். ஆமெனில் அணைந்தது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கடையைத் திறக்கப் போனேன்.